இரண்டு காதும் தெரிய வேணும்

கிழமை நாட்களில் நான்
மருதானையில் அடையாள அட்டைக்குப் படம் எடுப்பவன்.
நாடியைக் கொஞ்சம் இறக்குங்கோ. சிரிக்க வேண்டாம்.
இரண்டு காதும் தெரிய வேணும்.
நீலத் திரையில் ஒரு நாளைக்கு
நாற்பது முகங்களை ஆணியடிக்கிறேன்.

ஞாயிறு பின்னேரம் ஐந்தரைக்கு
பேர வாவிக் கரையில்
அதே வாயால் ஏழு பேருக்குச் சொல்கிறேன்:
கண்ணைச் சுருக்குங்கோ.
கட்டடத்தின் பெயரை மறந்துவிடுங்கோ.
அது வங்கி இல்லை, ஹோட்டல் இல்லை,
தண்ணீரில் விழுந்து நெளிகிற
ஒரு கை மஞ்சள்.

நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி
பிரான்சில் சிலர் சாயப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு
வெயிலுக்குப் போனார்கள்.
முடியாத படம் என்று ஊர் சிரித்தது.
ஒருவர் வைக்கோற்போரை வரைந்தார்,
காலையில், மாலையில், பனியில்,
திரும்பத் திரும்ப வைக்கோற்போர்.

"இங்க வைக்கோலுக்கு எங்க போறது?"
சாப்பாட்டுப் பொதிகளோடு மோட்டார்சைக்கிளில்
நேரே வந்திறங்கிய கஜரூபன் கேட்டான்.
அன்றிலிருந்து
கழுத்தில் வெள்ளை உரிந்த அன்னப்படகு,
பதினோராம் நம்பர்,
எங்கள் வைக்கோற்போர்.

முதல் கிழமை
ஏழு ஃபோனிலும் ஒரே படம்.
நிழலைத் தூக்கிவிட்டு, வானத்துக்கு நீலம் போட்டு,
பாசித் தண்ணீரையும் கழுவி
எண்ணி எண்ணித் தந்தது இயந்திரம்.
பாவம், அதுக்கும் என்னுடைய வேலைதான்.

பிறகு ஒவ்வொருவரும் கெடுக்கப் பழகினார்கள்.
கஜரூபன் மழையுறையைக் கழற்றாமலே எடுத்தான்.
துலாஞ்சலி நடந்துகொண்டே எடுத்துவிட்டு
மன்னிப்புக் கேட்டாள்.
மருந்துக்கடையில் நாள் முழுக்க நிற்கிற பஸ்மிலா
நெற்றித் தைலத்தின் மிச்சத்தை
லென்ஸில் தடவினாள்.
அக்கரை விளக்குகள் எல்லாம்
பாலில் போட்ட குங்குமப்பூ.
கூழைக்கடா ஒன்று வந்து அமர்ந்தது,
பறவையென்று சொல்ல முடியாத சாம்பல்.

ஐந்தாம் கிழமை
வேலிக்கு அந்தப் பக்கமிருந்து
சீருடை ஒன்று வந்தது.

பத்தொன்பது வயதில்
வெள்ளவத்தை லொட்ஜ் வாசலில் நின்ற மாதிரி
என் கால்கள் என்னைக் கேளாமல் சேர்ந்தன.
நாடி தானாக இறங்கியது.
கை சட்டைப்பைக்குப் போய்
அட்டையை எடுத்து நீட்டியது.
அவர் கேட்கவேயில்லை.

ஃபோனைத்தான் கேட்டார்.
பஸ்மிலா கொடுத்தாள்.
விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.
பச்சை. செம்மஞ்சள். வெள்ளையாய் ஒரு வளைவு.
தன்னுடைய கட்டடத்தைத் தேடினார்,
ஃபோனைத் தலைகீழாகத் திருப்பியும் தேடினார்.
"மே மொனவத?"

"எளிய" என்றாள் துலாஞ்சலி.

அவளுடைய பாசையில் அது வெளிச்சம்.
என் காதுக்குள் வரும்போது
வேறு சொல்லாகி விழுந்தது.
அதுவும் பிழையில்லை.

அவர் கொஞ்சம் யோசித்தார்.
படம் ஒன்றும் தெளிவில்லையே, லென்ஸ் ஊத்தை என்றார்.
சட்டை நுனியால்
பக்குவமாய்த் துடைத்துக் கொடுத்தார்.
இரவுக்கு வேறொரு செட்டிங் இருக்கு, மகள்,
அதில் போட்டு எடுங்கோ.

நாங்கள் ஸ்துதி சொன்னோம், ஏழு பேரும் நானும்.

அவர் போகப் போக
பஸ்மிலா நெற்றியைத் தொட்டாள்,
பிறகு லென்ஸை.
பதினோராம் நம்பருக்குப் பக்கத்தில்
நீலமாய் ஒரு கீற்று நடக்கிறது அந்தப் படத்தில்.
அவராகவும் இருக்கலாம்,
அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற நானாகவும்.
காது ஒன்றுகூடத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு மழையாம்.
குடை கொண்டுவராதேங்கோ என்றேன்.